ஒரே கண்ணாடியில் டீச்சரும் காளையும்

மரகதம் டீச்சரின் வாயும் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையின் வாயும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகி மாட்டுச் சந்தை வரைக்கும் போனதற்கு நான்தான் காரணம். வேறு யார் மேலும் பழி போட முடியாது. காளை மேல் போடலாமா என்றுகூட யோசித்துப் பார்த்தேன். அதுவும் சரிப்படவில்லை.

பிள்ளைகளே, நான் பத்தாவது வரை படித்தவன். மதுரை கே.கே. நகரில் ஒரு பிரௌசிங் சென்டரில் பல வருடம் இன்சார்ஜாக இருந்தேன். இன்சார்ஜ் என்றால் பெரிய வேலை என்று நினைக்காதீர்கள். காலையில் ஷட்டரைத் தூக்குவதும், கம்ப்யூட்டரைத் துடைப்பதும், வருகிறவர்களுக்கு ஈமெயில் அனுப்பிக் கொடுப்பதும் இன்சார்ஜ்தான். இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போதெல்லாம் ஒருவர் தன் படத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டுமென்றால் கேமராவில் எடுத்து, ஸ்டுடியோவில் கழுவி, அட்டையாக வாங்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வர வேண்டும். நாங்கள் அதை ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி அனுப்புவோம். ஆகவே, ஊரில் யார் படம் யாருக்குப் போகிறது என்பது எங்கள் கை வழியாகத்தான் நடந்தது. அந்தக் கை எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1. கண்ணாடி சும்மா கிடக்கக் கூடாது

கடை முதலாளி பெயர் குபேந்திரன். சௌராஷ்டிரக் குடும்பம். அவர் அப்பா காலம் வரை நூலுக்குச் சாயம் போடும் தொழில். ஒரு முழம் நூல் வீணானாலும் பொறுக்காத வீடு. அந்தக் குணம் அப்படியே கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது. போனில் வீட்டுக்காரம்மாவிடம் அவர்கள் பாஷையில் மெதுவாகப் பேசுவார். என்னைத் திட்ட மட்டும் தமிழுக்கு வருவார்.

"இம்புட்டுப் பெரிய கண்ணாடி. அதுல தம்மாத்தூண்டு பாஸ்போர்ட் போட்டோவ வச்சுட்டு லைட்டு இங்கிட்டும் அங்கிட்டும் போய்ட்டு வரணுமாய்யா? மிச்ச எடமெல்லாம் சும்மாதான கெடக்கு?"

"ஒவ்வொருத்தரா வாராங்கண்ணே."

"வந்தா வாங்கி வையி. மூணு நாலு சேந்ததும் மொத்தமா அடி."

இதுதான் எங்கள் கடை வழக்கம். நாலு பேர் படத்தை ஒரே கண்ணாடியில் பரப்பி ஒரே ஸ்கேன். அதைத் 'தாள்' என்று சொல்வோம். பிறகு கம்ப்யூட்டரில் தாளைத் திறந்து, மவுஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு படமாக வெட்டித் தனித்தனிப் பெயரில் சேமித்து, அவரவர் முகவரிக்கு அனுப்புவேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஈமெயில் ஐடி கிடையாது. கடை ஐடியில் இருந்துதான் போகும். பதிலும் கடை ஐடிக்குத்தான் வரும். பிரிண்ட் எடுத்து மடித்துக் கொடுப்பேன்.

சின்னச் சின்னத் தவறுகள் நடந்ததுண்டு. ஒரு மாப்பிள்ளைப் பையனின் படத்தை அனுப்பும்போது ஏதோ ஒரு பொத்தானைத் தவறி அமுக்கிவிட்டேன். அவர் கோட்டுப் போட்டு நிற்கும் படம் நாலாம் நம்பர் கம்ப்யூட்டரின் முகப்பாக மாறிவிட்டது. இரண்டு நாள் அந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்த எல்லோரையும் அவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒருவர் மட்டும் "இவருதான் ஓனரா?" என்று கேட்டுவிட்டு, எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

2. பழுப்புக் கவருக்குள் பழுப்புக் கவர்

அந்தச் சனிக்கிழமை காலையில் பாண்டி வந்து ஒரு படத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். பாண்டி வாடிப்பட்டிப் பக்கம், எங்கள் ஊர்க்காரன். எனக்கு மாப்பிள்ளை முறை. விவசாயம்தான், கூடவே ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பான். வீட்டில் ஒரு செலவு வந்துவிட்டதால் செவலை நிறக் காளை ஒன்றை விற்க நினைத்திருந்தான். திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுச் சந்தையில் காதர் பாய் என்று ஒரு தரகர். அவர் ஊர் பிரௌசிங் சென்டருக்குப் படத்தை அனுப்பினால், அவர்கள் பிரிண்ட் எடுத்து அவரிடம் கொடுப்பார்கள்.

மாடு வாங்குகிறவர்கள் முதலில் வாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். கீழ்வரிசையில் எத்தனை பல் போட்டிருக்கிறது என்பதை வைத்து வயதைச் சொல்லிவிடுவார்கள். மேல்வரிசையில் மாட்டுக்கு முன்பல்லே கிடையாது. அதனால் பாண்டி காளையின் உதட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருக்க, பல் தெரிகிற மாதிரி முகத்தைக் கிட்டத்தில் எடுத்திருந்தார்கள். காளைக்கு அது பிடிக்கவில்லை என்பது அதன் கண்ணில் தெரிந்தது.

நான் அதைக் கண்ணாடியின் இடது பக்கம் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த படத்துக்காகக் காத்திருந்தேன். மத்தியானம் மரகதம் டீச்சர் வந்தார். பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

அவர் என் மகள் கயல்விழிக்கு நாலாம் வகுப்பு டீச்சர். கண்டிப்பானவர். ஒரு வாரமாக வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டே பாடம் நடத்துகிறார் என்றும், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்னார் என்றும் கயல் வீட்டில் சொல்லியிருந்தாள். கர்ச்சீப்போடுதான் கடைக்குள்ளும் வந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"கயல் அப்பா, உள்ள வேற ஆளு இருக்காங்களா?"

"ரெண்டு பேரு இருக்காங்க டீச்சர். ஹெட்போன் மாட்டியிருக்காங்க. இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாங்க."

அவர் ஒரு பழுப்புக் கவரை எடுத்தார். அதைப் பிரித்தால் உள்ளே இன்னொரு பழுப்புக் கவர். அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார். மேல்வரிசை முன்பல் இரண்டும் உடைந்துவிட்டன. அண்ணன் மகன் பெங்களூரில் பல் டாக்டர். வாயைப் படம் எடுத்து அனுப்புங்கள், காலாண்டு லீவுக்குள் கட்டி முடிக்க முடியுமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

"இங்கயே நெறைய டாக்டர் இருக்காங்களே டீச்சர்."

"இருக்காங்க. எந்த டாக்டர்ட்டப் போனாலும் வெளிய பெஞ்சுல எங்கிட்டப் படிக்கிற ஏதாச்சும் ஒரு புள்ளையோட அம்மா உக்காந்திருக்கும்."

அவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். வீட்டுக்காரர் சமையலறையில் வைத்து அந்த ஒரு படத்தை எடுத்திருக்கிறார். பிலிம் ரோலைத் தீர்க்க வேண்டுமே என்று மிச்சத்துக்குக் கேஸ் சிலிண்டரையும் சுவரையும் முப்பத்தைந்து படம் எடுத்திருக்கிறார். மதுரையில் கழுவினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறிப் போய், முன்பின் தெரியாத ஸ்டுடியோவில் கழுவி வாங்கி வந்திருக்கிறார்.

"நாலாங்கிளாஸ் புள்ளைகளப் பத்தி உங்களுக்குத் தெரியாததா. ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும். அப்புறம் நான் பாடம் நடத்துறப்ப அம்புட்டுக் கண்ணும் என் வாயிலதான் இருக்கும். போர்டப் பாக்காது."

உங்களுக்குப் பல் விழுந்தால் புதிதாக முளைக்கும், மூன்று மாதம் ஊரே கேலி செய்தாலும் நாலாவது மாதம் மறந்துபோகும். பெரியவர்களுக்கு அப்படி இல்லை. டீச்சர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்தப் படம் பெங்களூர் டாக்டரைத் தவிர வேறு ஒருவர் கண்ணிலும் படக் கூடாது.

"நான் இருக்கேன் டீச்சர்," என்றேன். அப்படிச் சொல்லும்போது எனக்கே பெருமையாக இருந்தது. கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு காளைப் படம் இருக்கிறது, சேர்த்து அடித்துப் பிறகு வெட்டிவிடுவேன் என்றும் சொன்னேன்.

"மாடு பாத்தா பரவாயில்ல. அது யார்ட்டயும் சொல்லாது," என்றார்.

படத்தை அவரே கண்ணாடியின் வலது பக்கம் கவிழ்த்து வைத்தார். ஸ்கேன் முடிந்து தாள் திரையில் வரும் நேரத்தில் என் மேசையிலிருந்த செல்லோடேப்பை எடுத்து, பழுப்புக் கவரைத் திரையின் வலது பாதியில் ஒட்டிவிட்டார்.

"நீங்களும் பாக்கக் கூடாது."

நியாயம்தானே என்று நினைத்தேன். இடது பக்கம் காளை முறைத்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் பழுப்புக் கவர். நான் தினமும் பத்துத் தாள் வெட்டுகிறவன். கண்ணைக் கட்டிவிட்டாலும் வெட்டுவேன் என்று நினைப்பு. கவரின் மேலேயே உத்தேசமாக மவுஸை இழுத்துக் கட்டம் போட்டேன். 'டிங்' என்று சத்தம் கேட்டது. என்டரைத் தட்டினேன். மாட்டுக்கும் கட்டம் இழுத்தேன், அதன் ஓரமும் கவருக்கு அடியில் போய்விட்டது. இன்னொரு 'டிங்'. மறுபடி என்டர்.

"எதுக்கு அது டிங் டிங்குங்குது?"

"அது அப்படித்தான் சொல்லும் டீச்சர்."

கவருக்குப் பின்னால் கம்ப்யூட்டர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. கட்டம் சரியாக விழவில்லை, தாளை முழுசாகவே சேமிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறது. நான் கேள்வியைப் படிக்காமல் இரண்டு முறை ஆமாம் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் படம் என்று ஒரு பெயர், மாடு என்று ஒரு பெயர். பெயர்தான் இரண்டு. இரண்டுக்குள்ளும் இருந்தது அதே முழுத் தாள்.

டீச்சர் படத்தைப் பெங்களூருக்கு அனுப்பினேன். முழுசாகப் போய்ச் சேரும் வரை அவர் பக்கத்திலேயே நின்று பார்த்தார். அவர் போனபின் மாட்டை அனுப்பினேன். டீச்சருக்குக் கொடுத்த வாக்கை மதித்து, அந்தக் கோப்புகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

3. இரண்டு பதில்கள்

திங்கட்கிழமை காலையில் கடை ஐடியைத் திறந்தேன். பெங்களூர் டாக்டர் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார்.

"அத்தை, இடது பக்கம் இருக்கிறவருக்குப் பல் நாலும் உறுதியா இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா கொஞ்சம் கோபக்காரர் போல. வலது பக்கம் இருக்கிறவங்களுக்குத்தான் ரெண்டு பல் கட்டணும். படம் சின்னதா இருக்கு. தனியா, பெருசா ஒண்ணு அனுப்புங்க."

தாள் வெட்டாமல் முழுசாகப் போயிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அவர் பார்க்க வேண்டியவர்தான், அதில் மோசமில்லை. மாடு போன இடம்தான் ஞாபகம் வந்தது. அடுத்த பதிலைத் திறந்தேன். காதர் பாய் சொல்லச் சொல்ல அந்த ஊர் சென்டர்காரர் அடித்திருந்தார்.

"படம் வந்தது. பிரிண்ட் எடுத்துப் பாயிடம் கொடுத்தாச்சு. காளை நாலு பல், திருப்தி. கூட வாயைத் திறந்துகாட்டும் அம்மா யார் என்று பாய் கேட்கிறார். நாளைக் காலை சந்தையில் பார்ட்டிக்குக் காட்டுவார்."

முதலாளியிடம் ஓடினேன். அவர் இரண்டு பதிலையும் நிதானமாகப் படித்தார்.

"நல்ல வேளை. நாலு போட்டோ வைக்காம ரெண்டோட அடிச்ச."

"அண்ணே, டீச்சர்ட்ட என்ன சொல்ல?"

"எதுக்குச் சொல்ற? கமுக்கமாப் போயி வாங்கிட்டு வந்துரு. தெரியாத வரைக்கும் அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி."

எனக்கும் அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் படம் அவருடையது. அது எங்கே போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது. லீவு விட்டிருந்ததால் பசுமலையில் இருந்த அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கம் பிரஷர் குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"சந்தையில எத்தன பேரு வருவாங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"முன்னூறு நானூறு பேரு வருவாங்க டீச்சர்."

"கயல் அப்பா, நான் இப்ப ஒண்ணும் சொல்லல. அந்தப் பேப்பர் எங் கைக்கு வரணும்."

போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

4. துண்டுக்குள்

மறுநாள் விடியும் முன்பே பாண்டியைக் கிளப்பிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவனுக்கு வேறு கவலை.

"மாப்ள, நீ பாட்டுக்குப் பேப்பரப் புடுங்கிட்டு வந்துட்டா எங் காளை எப்படி விலை போகும்?"

"உங் காளைக்கு வேற படம் எடுத்துக்கலாம்யா."

"மறுபடி வாயத் தொறக்க அதுகிட்ட நீ வந்து சொல்லு. போன தடவையே என்னைய வைக்கப்போர் வரைக்கும் தூக்கிட்டுப் போச்சு."

முதலில் அந்த ஊர் பிரௌசிங் சென்டருக்குப் போனேன். சென்டர்காரர் நல்ல மனிதர். நானும் அதே தொழில் என்றதும் சேர் எடுத்துப் போட்டார். அவர் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன். குப்பைத்தொட்டிப் படத்துக்குள் போய் அங்கிருந்தும் அழிக்கச் சொன்னேன். மெயிலையும் அழித்தார். "யாருண்ணே அந்தம்மா?" என்று கேட்டார். "மாட்டுக்குத் தெரிஞ்சவங்க," என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சந்தைக்குள் நுழைந்தபோது ஒரு வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்று ஒரு படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "வாயப் பாருய்யா வாய," என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. ஓடிப்போய் நடுவில் புகுந்து அந்தப் படத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"அவங்களப் பாத்துச் சிரிக்க உங்களுக்கு வெக்கமா இல்ல? எத்தன புள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவங்க தெரியுமா?"

பாண்டி என் காதில், "மாப்ள, படத்தப் பாரு," என்றான். பார்த்தேன். ஒரு கழுதை கொட்டாவி விடும் படம்.

"தம்பி," என்று வட்டத்தில் நின்ற பெரியவர் ஒருவர் தணிந்த குரலில் கேட்டார், "இது எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்துச்சு?"

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குள் மறைந்து போனோம்.

காதர் பாய் சந்தையின் மேற்குக் கோடியில் இருந்தார். தோளில் பெரிய துண்டு, சட்டைப் பையில் மடித்த ஒரு தாள். அவரைச் சுற்றிலும் ஆட்கள். பாண்டி என்னை அறிமுகம் செய்தான். நான் அவர் காதோரமாக விஷயத்தைச் சொன்னேன்.

"அது அப்படியா," என்று பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அல்லா மேல ஆணையா நான் யாருக்கும் காட்டல தம்பி. பாத்ததுமே நடுவுல மடிச்சுட்டேன். மாட்டுப் பக்கம் வெளிய, மத்தது உள்ள. ஒரு பொம்பளப் புள்ள வாயத் தொறந்துட்டு நிக்கிதுன்னா, காட்ட வேண்டியவுகளுக்குக் காட்ட எடுத்ததா இருக்கும். நாம எதுக்குப் பாக்க?"

"யாரும் கேக்கலயா பாய்?"

"ரெண்டு பேரு கேட்டான், பின்னாடி என்ன மடிச்சிருக்குண்டு. வாலுன்னு சொல்லிட்டேன்."

எங்கள் கடையில் ஸ்கேனர் இருந்தது, வெட்டுகிற சாப்ட்வேர் இருந்தது, இன்சார்ஜ் என்று நான் ஒருவன் இருந்தேன். நான் செய்யாததைப் பாய் ஒரு மடிப்பில் செய்துவிட்டார்.

சரி, தாளைக் கொடுங்கள் என்று கை நீட்டினேன். பாய் சுற்றிலும் பார்த்தார். நாங்கள் ரகசியம் பேசுவதைப் பார்த்து ஆட்கள் நெருங்கிவிட்டிருந்தார்கள். கழுதைக் கூட்டத்திலிருந்தும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

"இங்கன வெளிய எடுத்தா நாப்பது கண்ணு பாக்கும். கையக் கொண்டா," என்று துண்டை எடுத்து எங்கள் இருவர் கை மேலும் போட்டார்.

மாட்டுச் சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே விலை சொல்லுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் அந்த இரண்டு கைக்கு மட்டும்தான் தெரியும். நான் ஒருநாளும் மாடு வாங்கியவனில்லை. துண்டுக்குள் மடித்த தாள் என் உள்ளங்கையைத் தொட்டது. பாண்டி சட்டென்று, "பாய், எங் காளையக் குடுத்துராதீங்க," என்றான். பாய் தலையாட்டிவிட்டு, மடிப்போடு தாளைக் கிழிக்க ஆரம்பித்தார். துண்டுக்குள்ளிருந்து சர்ரென்று சத்தம் வந்தது. சுற்றி நின்றவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். விலை பேசும்போது அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டதில்லை.

"என்னய்யா, விரல ஒடிச்சுட்டாரா?" என்றார் ஒருவர்.

பாதித் தாளைப் பிடியில் வைத்துக்கொண்டு கையை அப்படியே சட்டைக்குள் விட்டேன். பக்கத்தில் நின்ற ஒருவர் என் முதுகில் தட்டினார்.

"எம்புட்டுக்கு முடிஞ்சது?"

"அத வெளிய சொல்ல மாட்டாக," என்றான் பாண்டி.

"சரிதான். மாடு எங்க?"

"வீட்டுல இருக்கு," என்றேன்.

"பாக்காமயேவா வாங்குனீக?"

"பாக்கக் கூடாதுன்னுதான் சொன்னாங்க," என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

5. சிவப்பு மையில் மார்க்

சாயங்காலம் பசுமலைக்குப் போய் அந்தப் பாதித் தாளை டீச்சர் கையில் கொடுத்தேன். அவர் கர்ச்சீப்பை எடுக்காமலே கேட்டார்.

"எத்தன பேரு பாத்தாங்க? உண்மையச் சொல்லுங்க."

"பாய் ஒருத்தர், அந்த சென்டர்காரர் ஒருத்தர். இன்னைக்கு இதச் சட்டைக்குள்ள இருந்து எடுக்குறப்ப நானும் பாத்துட்டேன் டீச்சர். உங்க அண்ணன் மகனையும் சேத்தா நாலு பேரு."

"நாலு பேரு," என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். "நானூறுன்னு நெனச்சு ராத்திரி பூராத் தூங்கல."

தாளை நாலாகக் கிழித்து, பிறகு எட்டாகக் கிழித்து, அடுப்படிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து, "நாளைக்குக் காலையில கடைக்கு வாரேன். அவன் பெருசா வேணுங்கிறான்ல. இந்தத் தடவ நான் சொல்ற மாதிரி அனுப்புங்க," என்றார்.

மறுநாள் கண்ணாடியில் அவர் படம் மட்டும். முதலாளி வாயைத் திறந்தார். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கவர் எதையும் திரையில் ஒட்டவில்லை. "இப்ப நல்லாப் பாருங்க. பாக்காமத்தான் அம்புட்டும் நடந்துச்சு," என்றார். கம்ப்யூட்டர் 'டிங்' என்றபோது கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கேள்வியை நான் வாய்விட்டு வாசித்த பிறகுதான் என்டர் தட்ட விட்டார். வெட்டிய கோப்பைத் திறந்து, உள்ளே வேறு எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று காட்டச் சொன்னார். முகவரிக் கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார்.

நான் என் பங்குக்குக் கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டினேன். படத்தைப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டி அனுப்பலாம் டீச்சர் என்றேன். அவருக்குப் பிடித்திருந்தது. பூட்டினேன். பிறகு அதே மெயிலில் பாஸ்வேர்ட் இன்னது என்று அடிக்கப் போனேன்.

"பூட்டிட்டுச் சாவியக் கதவுலயே தொங்க விடுவீங்களா? நான் போன்ல சொல்லிக்கிறேன்."

போய்ச் சேர்ந்ததும் சனிக்கிழமைத் தாளையும் சேர்த்துக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன், குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்தேன். கடை ஐடியில் அனுப்பிய மெயில்கள் சேர்ந்து கிடக்கும் இடம் ஒன்று உண்டு, அங்கேயும் அழித்தேன். ஸ்கேனர் மூடியைத் தூக்கிப் படத்தை அவரே எடுத்துக்கொண்டார். இவ்வளவும் முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்து, செய்ததை வரிசையாக எழுதச் சொன்னார். எழுதினேன். சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்தி, பத்துக்கு ஏழு போட்டார். கையெழுத்துக்கு மூன்று மார்க் போய்விட்டது. அந்தத் தாள் கடை மூடும் வரை என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தது. அன்றோடு எங்கள் கடையில் ஒரு கண்ணாடிக்கு ஒரு படம்தான். முதலாளிக்கு அது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

லீவில் டீச்சர் பெங்களூர் போய் வந்தார். பள்ளி திறந்த அன்று கயல் வந்து சொன்னாள்.

"அப்பா, எங்க டீச்சர் கர்ச்சீப்ப எடுத்துட்டாங்க. இன்னைக்குச் சிரிச்சாங்க. ஏம்ப்பா இத்தன நாளு கர்ச்சீப் வச்சிருந்தாங்க?"

சந்தை, கழுதை, துண்டு எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டன. எனக்குக் கதை சொல்ல ரொம்பப் பிடிக்கும். அவளுக்குக் கேட்கப் பிடிக்கும். "தொண்டை கட்டியிருந்துச்சுன்னு சொன்னாங்கள்ல," என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். படத்தை மீட்க ஒரு நாள் ஆனது. வாயை அடக்கியது இருபது வருடத்துக்கு மேல்.

இதை எழுதலாம் என்று தோன்றியதும் முதலில் டீச்சருக்குத்தான் போன் செய்தேன். ரிட்டையராகி இப்போதும் பசுமலையில்தான் இருக்கிறார்.

"எழுதுங்க," என்றார். "பேரு மட்டும் வேணாம். பல்லு எப்படி ஒடஞ்சதுன்னு எழுதிட்டீங்களா?"

"அத நீங்க சொன்னதே இல்லையே டீச்சர்."

"கமர்கட்டு," என்றார். "கிளாஸ்ல ஒரு பையன் தின்னுட்டு இருந்தான். புடுங்கி வச்சேன். மத்தியானம் ஸ்டாஃப் ரூம்ல யாருமில்ல. ஒண்ணுதான, பாப்போம்னு வாயில போட்டேன். ஒரே கடி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார்.

"புள்ளைகளுக்குத் தெரிஞ்சுரும்னு ஏன் அம்புட்டுப் பயந்தேன்னு இப்பப் புரியுதா? பல்லு போனது பாதிக் காரணந்தான். அந்தப் பையன் பெரியாளானதும் நானே கூப்புட்டுச் சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டேன். அதனால தாராளமா எழுதுங்க."

அப்போது எனக்கு ஒரு ஆசை வந்தது. "டீச்சர், அந்த ஒரிஜினல் போட்டோ உங்கள்ட்ட இருக்கும்ல. கதையோட போட்டா புள்ளைகளுக்கு நல்லாருக்கும்."

"கதைய எழுதிக்கங்க," என்றார். "படம் வேணாம்."

அதனால் இதில் படம் இல்லை. ஒருவர் தன் கதையைச் சொல்ல விட்டார் என்பதற்காகத் தன் படத்தையும் கொடுத்துவிட்டார் என்று நினைக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நான் கேட்டேன். ஒன்றுக்குச் சரி என்றார், ஒன்றுக்கு வேண்டாம் என்றார்.